குதிரைப் படங்களும் குதிரை நகைகளும்

பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்பாரை நாம் அறிவோம். தபால் தலை சேர்ப்பாரையும் ஏட்டுச் சுவடி நாடி ஊர் ஊராக அலைவாரையும் அறிவோம். குதிரை ஒன்றையே பொருளாகக் கொண்ட ஓவியங்களையும், அச்சுப் படங்களையும், சிறு நகைகளையும் வாழ்நாள் முழுவதும் தேடித் திரிகின்ற ஒரு கூட்டத்தாரும் உலகில் உளர் என்பது நம்மிற் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும், அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்திலும் இக்கூட்டத்தார் மிகுதி. அவர்கள் சேர்த்த பொருள்களின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். நான் குதிரை ஏறி அறியேன். பந்தயத் திடலில் ஒரு காசும் வைத்தறியேன். பழைய அச்சுப் படங்களின்மேல் கொண்ட பற்றே என்னை இத்துறைக்கு இழுத்துச் சென்றது.

இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழ்நாட்டுப் பொலிகுதிரைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் மூன்று பெரும் புகழ் பெற்றன. அந்த மூன்றின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் பந்தயங்களில் ஓடுகின்ற உயர்சாதிக் குதிரைகள். குதிரையின் குலமுறை அதன் விலையை நிருணயித்தது. ஆகவே குலமுறை எழுதும் ஏடும் தோன்றியது. 1791-இல் இங்கிலாந்தின் பொதுக் குதிரைக் குலமுறை நூலின் முதற்பதிப்பு வெளிவந்தது. ஆனால் ஏடு தோன்றுமுன்னரே படம் தோன்றிவிட்டது. வென்ற குதிரையை ஓவியனைக் கொண்டு எழுதுவித்து மாளிகைச் சுவரில் மாட்டுவது பிரபுக்களின் வழக்கமாயிற்று. ஜான் வூட்டன், ஜேம்ஸ் ஸீமோர் ஆகியோர் இத்தொழிலில் முந்தியவர்கள். அவர்கள் எழுதிய குதிரைகளுக்குத் தலை சிறிது, உடல் நீளம், கால்கள் குச்சி. இருந்தாலும் உடையவர்கள் மகிழ்ந்தார்கள். தம் குதிரையைத் தாமே அடையாளம் கண்டுகொள்ள அவர்களுக்கு நிறமும் நெற்றிச் சுட்டியும் போதுமானவையாக இருந்தன.

கலைமன்றத்தார் இவ்வோவியர்களை மதிக்கவில்லை. புராண வரலாற்றை எழுதுபவன் உயர்ந்தவன், மனிதரை எழுதுபவன் அவனுக்கு அடுத்தவன், விலங்கை எழுதுபவன் கடைசிப் படியில் நிற்பவன் என்பது அக்காலத்துத் தரவரிசை. "குதிரை எழுதுபவன்" என்ற சொல்லே ஒரு வசையாக வழங்கியது. இந்த வசையைத் தலைமேற் சுமந்தவர், அதே சமயம் அதைப் பொய்யாக்கியவர், ஜார்ஜ் ஸ்டப்ஸ்.

ஸ்டப்ஸ் 1724-இல் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. இளமையில் யார்க் நகர மருத்துவமனையில் உடற்கூறு பயின்றார். 1756-ஆம் ஆண்டளவில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில் தனியாக ஒரு பண்ணை வீட்டை அமர்த்திக்கொண்டார். அங்கே அவர் செய்த காரியம் கேட்பதற்கே கடினமானது. இறந்த குதிரைகளைக் கூரையில் கட்டிய இரும்புக் கொக்கிகளிலிருந்து தொங்கவிட்டு, உயிருடன் நிற்பது போலவே கால்களைப் பலகையில் ஊன்றச் செய்து, தோலை நீக்கி, தசையை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதினார். இரத்தக் குழாய்களில் கொழுப்பை உருக்கிச் செலுத்தி அவற்றின் வடிவம் கெடாமல் காத்தார். ஒரே உடலை வாரக்கணக்காக வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் அந்த நாற்றத்தின் நடுவே அவருக்குத் துணைநின்றவர் மேரி ஸ்பென்ஸர் என்னும் பெண்மணி ஒருவரே. ஓவிய வரலாற்று நூல்கள் பல அவ்வம்மையார் பெயரை ஒரு வரியோடு விட்டுவிடுகின்றன. என் எண்ணத்தில் அது நியாயமாகாது.

இவ்வளவும் செய்து எழுதிய படங்களைத் தகட்டில் செதுக்கித் தருமாறு இலண்டன் நகரச் செதுக்காளர்களை வேண்டினார். அவர்கள் மறுத்துவிட்டனர். பகலில் வயிற்றுப் பிழைப்புக்கு ஓவியம் எழுதி, விடியற்காலையிலும் இரவிலும் தாமே செதுக்கி, 1766-இல் "குதிரையின் உடற்கூறு" என்ற நூலை வெளியிட்டார். அந்நூலில் பதினெட்டு அட்டவணைகள். கால்நடை மருத்துவர்களும் ஓவியர்களும் ஒருங்கே போற்றிய நூல் அது. இப்பொழுது அதன் முதற்பதிப்பு ஒன்று ஏலத்திற்கு வந்தால் நூல் சேர்ப்பாரும் குதிரைப் படம் சேர்ப்பாரும் போட்டியிட்டுக்கொள்வர்.

நூல் வெளிவருமுன்னரே பிரபுக்கள் ஸ்டப்ஸைத் தேடி வந்தனர். அவர்களுள் தலையாயவர் ராக்கிங்ஹாம் பிரபு; இருமுறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். அவருடைய குதிரைகளுள் விஸில்ஜாக்கெட் என்பது ஒன்று. 1759-இல் யார்க் நகரில் இரண்டாயிரம் கினிப் பந்தயத்தை வென்றது. அதை ஸ்டப்ஸ் 1762-ஆம் ஆண்டளவில் எழுதினார். ஏறக்குறைய ஒன்பதரை அடி உயரமுள்ள திரைச்சீலை. அதில் மரமில்லை, வானமில்லை, ஏறுபவனில்லை, சேணமுமில்லை. வெற்று நிறத்தின் முன்னே செம்பழுப்புக் குதிரை ஒன்று முன்னங்கால் தூக்கி எழுகின்றது, அவ்வளவே. படம் முடியும் தறுவாயில் அக்குதிரை தன் உருவத்தைக் கண்டு, வேறொரு பொலிகுதிரை வந்துவிட்டதென எண்ணிச் சீறிப் பாய்ந்ததாகவும், பிடித்திருந்தவன் பெரும்பாடுபட்டு அடக்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நம் நாட்டிலும் ஓவியத்துக் கனியைக் கொத்தவந்த கிளியைப் பற்றிக் கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும் ஆகட்டும். 1997-இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் இப்படத்தை ஒரு கோடியே பத்து லட்சம் பவுனுக்கு வாங்கியது. கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட குதிரை, உலகப் பெரும் ஓவியர்களின் படங்கள் தொங்கும் மாளிகையில் அவற்றுக்கு நிகராக இடம் பெற்றது.

ஸ்டப்ஸின் படங்களில் என்னைக் கவர்ந்தவை குதிரைகள் மட்டுமல்ல. அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் லாயக்காரர்களும் சிறுவர்களுமே. படத்துக்குப் பணம் கொடுத்தவன் பிரபு. ஆனால் படத்தில் பல வேளைகளில் அவன் இல்லை. கூலிக்கு வேலை செய்யும் பையன் ஒருவன் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு நிற்கின்றான். அவன் முகத்தை ஸ்டப்ஸ் எழுதியிருக்கும் மரியாதை, அக்காலத்து ஓவியர் பலர் தம் பிரபுக்களுக்கும் காட்டாத மரியாதை. குதிரைக்குப் பெயர் உண்டு. படத்தின் தலைப்பில் அவன் வெறும் "லாயப் பையன்".

இவ்விடத்தில் சென்னைப் பட்டணத்தோடு தொடர்புடைய ஒரு படத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஜார்ஜ் பிகட் என்பவர் 1755 முதல் 1763 வரை சென்னைக் கவர்னராக இருந்தவர். லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர். தாய்நாடு திரும்பிய அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கியைக் காணிக்கையாகக் கொடுத்தார். நம் நாட்டு அரசர்கள் சிவிங்கியைப் பழக்கி மான் வேட்டையாடுவர் என்று கேள்வியுற்ற கம்பர்லண்டு கோமகன், அதைச் சோதிக்க விரும்பினார். 1764-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் விண்ட்ஸர் பூங்காவில் வலை கட்டி ஓர் ஆண்மானை உள்ளே விட்டார்கள். பின்னர்ச் சிவிங்கியை அவிழ்த்துவிட்டார்கள். மான் ஓடவில்லை. கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்று, சிவிங்கியைத் துரத்தியடித்தது! சிவிங்கி வலையைக் கடந்து காட்டுக்குள் ஓடிப்போயிற்று.

இந்நிகழ்ச்சியின் நினைவாக ஸ்டப்ஸ் எழுதிய படம் மான்செஸ்டர் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. 1970-இல் அக்கூடத்தார் அதை வாங்கினர். தோற்றோடிய காட்சியை அவர் எழுதவில்லை. அவிழ்த்துவிடுவதற்கு முற்பட்ட கணத்தையே எழுதினார். வெள்ளாடையும் தலைப்பாகையும் அணிந்த இந்தியர் இருவர். ஒருவர் சிவிங்கியின் கண்களை மறைத்த சிவப்பு முகமூடியைப் பின்னே தள்ளி அதைப் பிடித்திருக்கின்றார். மற்றவர் மானைச் சுட்டிக் காட்டுகின்றார். கடல் கடந்து, குளிர் நாட்டில், விளையாட்டுக்காகக் கூடிய கூட்டத்தின் நடுவே நிற்கும் அவ்விருவர் முகத்திலும் ஓர் அமைதி இருக்கின்றது. இந்தியரைக் கேலிப் பொருளாக்காமல் எழுதிய அக்கால ஐரோப்பியப் படங்களுள் இதற்கு உயர்ந்த இடம் தர நான் தயங்கமாட்டேன். பிகட் 1775-இல் மறுபடியும் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டே தம் சபையினராலேயே சிறை வைக்கப்பட்டு, காவலில் இருக்கையிலேயே 1777-இல் மாண்டார். அது வேறு கதை.

ஓவியம் பிரபுக்களுக்கு உரியது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கியவை அச்சுப் படங்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் எழுபது ஆண்டுக்காலம் வேட்டைப் படங்களும் பந்தயப் படங்களும் தபால் வண்டிப் படங்களும் ஆயிரக்கணக்கில் அச்சாயின. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போன்ற மெல்லிய நிழல்களை உண்டாக்கும் அக்வாடிண்ட் என்னும் முறை இவற்றுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. அச்சிட்ட தாளின்மேல் கூலியாட்கள் கையால் வண்ணம் தீட்டினர். ஹென்றி ஆல்கன் என்பவரின் வேட்டைப் படங்கள் இன்றும் பழம்பொருட் கடைகளில் கிடைக்கின்றன. கிடைக்கின்றன என்று சொல்லும்போதே எச்சரிக்கையும் வேண்டும். தகடு தேயும் வரை அச்சிடலாமன்றோ? ஓவியன் மாண்ட பல்லாண்டுகளுக்குப் பின்னரும் அதே தகட்டிலிருந்து படங்கள் எடுக்கப்பட்டன. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில தாள்களில் உற்பத்தியாளர் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். தகட்டில் 1820 என்றும் தாளில் 1832 என்றும் இருந்தால் அந்தப் படம் எப்பொழுது பிறந்ததென்று சொல்ல வேண்டுவதில்லை. பழைய படங்களில் வண்ணம் தாளோடு ஊறியிருக்கும். அண்மையில் தீட்டிய சிவப்பு மேலே மிதக்கும். என் அறையில் வேட்டைக்காரர் நால்வர் வேலி தாண்டும் படம் ஒன்று தொங்குகின்றது. அதன் சிவப்பு நேற்றுப் பூசியது என்பதை அறிந்தே வாங்கினேன். அதன் பழைய மரச்சட்டம் அவ்வளவு அழகு!

இப்படங்களில் ஓடுகின்ற குதிரைகள் யாவும் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, வயிறு தரையில் படுமாறு பறப்பனவாக இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். பிரான்ஸ் நாட்டு ஜெரிக்கோ 1821-இல் எழுதி, லூவ்ர் அரண்மனைக் கூடத்தில் இன்று இருக்கின்ற எப்ஸம் பந்தயப் படத்திலும் அப்படியே. பல நூற்றாண்டுகளாக ஓவியர் கண்ட பாய்ச்சல் அது. ஆனால் எந்தக் குதிரையும் ஒருநாளும் பாய்ந்திராத பாய்ச்சல். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரமாகக் காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைக் கணத்துக்குக் கணம் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையைவிட்டு எழுவது உண்மையே. ஆனால் அது கால்கள் நீண்டிருக்கும்போதன்று. வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருக்கும்போது. அதன்பின் ஓவியர்கள் தங்கள் குதிரைகளை மாற்றிக்கொண்டார்கள். ஸ்டப்ஸ் இத்தொல்லைக்குப் பெரும்பாலும் ஆளாகவில்லை. அவர் குதிரைகளை நிற்கும் நிலையிலும் நடக்கும் நிலையிலுமே மிகுதியாக எழுதினார். காணாததை எழுத அவருக்கு விருப்பமில்லை போலும்.

இனி நகைகளைப் பார்ப்போம். வேட்டைக்குச் செல்வோர் கழுத்தில் நீண்ட வெள்ளைத் துணியைச் சுற்றி, முடிச்சின்மேல் ஓர் ஊசியைக் குறுக்காகக் குத்திக்கொள்வர். விழுந்து கை முறிந்தால் அத்துணியே தொட்டிற் கட்டாகும். ஊசி அதைப் பிடிக்கும். பயனுக்குத் தோன்றிய இவ்வூசி விக்டோரியா அரசியார் காலத்தில் பொன்னாலும் மணியாலும் அணிகலனாயிற்று. நரி முகம், சவுக்கு, கடிவாள இரும்பு, அங்கவடி, லாடம் ஆகிய வடிவங்களில் ஊசிகளும் மார்பணிகளும் செய்தனர். லாடத்தில் ஆணித் துளை இருக்க வேண்டிய இடங்களில் வயிரமோ நீலமோ பதிப்பர். குதிரையே ஏறாத சீமாட்டிகளும் வைர லாடம் அணிந்தனர். அது நற்பேறு தரும் என்பது நம்பிக்கை.

இவற்றுள் வேலைப்பாட்டால் சிறந்தது படிக நகை. தூய படிகக் கல்லை மேற்புறம் குமிழாகவும் அடிப்புறம் தட்டையாகவும் தேய்த்து, தட்டையான அடிப்புறத்தில் குதிரையையோ நாயையோ நரியையோ உட்குழிவாகச் செதுக்குவர். பிறகு அக்குழிவினுள் நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டுவர். எல்லாம் தலைகீழ் வேலை: மேலே தெரிய வேண்டிய கண்மணியை முதலில் தீட்டி, உடல் நிறத்தைப் பின்னர்த் தீட்ட வேண்டும். இறுதியில் முத்துச்சிப்பித் தகட்டை அடியில் வைத்து மூடுவர். முன்னின்று பார்த்தால் கண்ணாடிப் பேழையில் உயிருள்ள குதிரைத் தலை ஒன்று மிதப்பது போலத் தோன்றும். இம்முறை பெல்ஜியத்தில் தோன்றி 1860-களில் இங்கிலாந்துக்கு வந்தது. தாமஸ் குக் என்பவரும், அவர் மாணவர் தாமஸ் பீன் என்பவரும், பின்னர் பீனின் மகனும் பேரனும் இதை வளர்த்தனர். ஆயினும் உலகம் இவற்றை "எஸ்ஸெக்ஸ் படிகம்" என்றே அழைக்கிறது. வில்லியம் எஸ்ஸெக்ஸ் என்பவர் விக்டோரியா அரசியாரின் எனாமல் ஓவியர். இப்படிகங்களை அவர் செய்தவரல்லர். வேலை செய்தவன் பெயர் மறைந்து, செய்யாதவன் பெயர் நிலைத்தது! பிற்காலத்தில் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் அச்சுவார்த்த போலிகள் பெருகின. படிகம் கையில் குளிரும். கண்ணாடியில் குமிழி இருக்கலாம். உருப்பெருக்கியின் கீழ், அச்சில் வார்த்ததற்கும் கைச்செதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு ஒளிந்திராது.

சேர்ப்பாரைப் பற்றிப் பேசும்போது பால் மெல்லன் என்னும் அமெரிக்கச் செல்வரை விட்டுவிட முடியாது. 1907-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தை நிறுவிய ஆண்ட்ரூ மெல்லனின் மகன், தாயார் இங்கிலாந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தபோது குதிரையிலும் வேட்டையிலும் பற்றுக் கொண்டார். 1936-இல் ஸ்டப்ஸ் எழுதிய "பம்ப்கினும் லாயப் பையனும்" என்ற படத்தை வாங்கினார். அவர் வாங்கிய முதல் இங்கிலாந்து ஓவியம் அது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் மெதுவாகவே சென்றார். 1959-இல் பேஸில் டெய்லர் என்னும் அறிஞரின் தோழமை கிடைத்தது. விலங்கோவியங்களைக் கலை வரலாற்றினர் புறக்கணித்த காலத்தில் அவற்றை முறையாக ஆராய்ந்தவர் டெய்லர். அவருடைய அறிவும் மெல்லனின் பொருளும் சேர்ந்தபோது, அப்பொழுது விலை மலிந்து கிடந்த படங்கள் சில ஆண்டுகளிலேயே ஒரு பெருந்தொகுதியாயின. தம் நாட்டுச் செல்வம் கடல் கடந்து போகின்றதே என்று இங்கிலாந்தில் சிலர் வருந்தினர். வருத்தம் நியாயமானதே, ஆனால் தம் சுவரில் தொங்கியபோது அவர்களே அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. 1966-இல் மெல்லன் தம் தொகுதியை யேல் பல்கலைக்கழகத்துக்கு அளிப்பதாக அறிவித்தார். அதற்கென எழுப்பப்பட்ட கூடம் 1977-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லூயி கான். நம் ஆமதாபாத் நகரின் நிர்வாகக் கல்விக் கழகத்தை வகுத்தவரும் அவரே. 1974-இல் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் இரயில் நிலையத்தில் உயிர் நீத்த அவர், யேல் கூடம் முடிவுற்றதைக் காணவில்லை.

மெல்லனின் மற்றொரு பற்று உயிருள்ள குதிரைகள். அவருடைய மில் ரீப் என்னும் குதிரை 1971-இல் எப்ஸம் டெர்பியையும் பாரிஸ் நகர ஆர்க் பந்தயத்தையும் வென்றது. ஸீ ஹீரோ 1993-இல் கென்டக்கி டெர்பியை வென்றது. அவர் 1999-இல் காலமானார். அதற்குள் விலைகள் எங்கோ போய்விட்டன. 2011-இல் இலண்டன் ஏலத்தில் ஸ்டப்ஸின் "கிம்கிராக்" படம் இரண்டு கோடியே இருபத்து நான்கு லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

விலை ஏறியதால் படம் பிழைத்ததா என்றால், எல்லாம் பிழைக்கவில்லை. ஸ்டப்ஸ் வண்ணக் கலவைகளில் ஓயாமல் சோதனை செய்தவர். மெழுகு கலந்தார், வெட்ஜ்வுட் என்னும் பீங்கான் வல்லுநரைக் கொண்டு பெரிய மண்தகடுகள் செய்வித்து எனாமலில் எழுதினார். இப்பூச்சுக்களின் இயல்பறியாமல், அழுக்கு நீக்குவதாகக் கருதித் துடைத்தவர்கள், சில படங்களில் மேற்பூச்சையும் சேர்த்தே துடைத்துவிட்டனர். குதிரையின் மேனியில் இருந்த பளபளப்பு போயிற்று. கட்டுக்கோப்பு மட்டும் நின்றது.

ஸ்டப்ஸின் கடைசிப் பெரும்படம் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். 1799-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூமார்க்கெட் திடலில் ஹாம்பிள்டோனியன் என்ற குதிரையும் டயமண்ட் என்ற குதிரையும் மூவாயிரம் கினிக்காகப் போட்டியிட்டன. நான்கு மைலுக்கு மேற்பட்ட ஓட்டம். சவுக்கும் முள்ளும் இரு குதிரைகளையும் கிழித்தன. அரைக் கழுத்து அளவில் ஹாம்பிள்டோனியன் வென்றது. அதன் உடையவர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் வெற்றியின் நினைவாகப் படம் எழுதப் பணித்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஸ்டப்ஸ் வெற்றியை எழுதவில்லை. ஓடி முடித்து, வாய் திறந்து, காது பின்னே சாய்ந்து, உடல் ஓய்ந்து நிற்கும் குதிரையை எழுதினார். ஒரு பக்கத்தில் அதை நடத்துபவர் கடிவாளத்தைப் பற்றியிருக்கின்றார். மறுபக்கத்தில் லாயப் பையன் ஒரு கையை அதன் கழுத்தின்மேல் போட்டு, மறு கையில் துடைக்கும் துணியுடன் நம்மை நேராகப் பார்க்கின்றான். உடையவர் படத்தில் இல்லை. கூலி கொடுக்கவும் அவர் மறுத்தார். ஸ்டப்ஸ் வழக்குத் தொடுத்தார், வழக்கில் வென்றார். அந்தப் படம் இப்பொழுது வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டுவர்ட் மாளிகையின் படிக்கட்டுச் சுவரில் இருக்கின்றது.